நாங்க பார்க்காத வெயிலா?

பாலைவனச் சுற்றுலா, ஒட்டக சவாரி, கூடாரத்தில் ஒரு ராத்திரி... டிக்கெட் போடுவதற்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டிய சில விஷயங்கள்!

"வெயிலா? திருச்சுழிக்காரனுக்கே வெயிலைப் பத்திப் பாடமா?"

குடும்பத்தோடு ராஜஸ்தான் போகப் போகிறோம், பாலைவனத்தில் ஒட்டகம் ஏறப் போகிறோம் என்று சொல்பவர்களிடம் "பார்த்துப் போங்க" என்று வாயெடுத்தால், அருப்புக்கோட்டைப் பக்கம் இப்படித்தான் பதில் வரும். நியாயம்தானே! சித்திரை, வைகாசியில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் ஊர். கண்மாய் வெடித்துக் கிடக்கும். பந்தல்குடியில் ஆரம்பித்து நரிக்குடி வரைக்கும் பச்சை என்று கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் சீமைக் கருவேலம்தான். இந்தக் காட்டில் பிறந்து வளர்ந்தவரை ஜைசல்மேர் வெயில் என்ன செய்துவிடும்?

பெரிதாக ஒன்றும் செய்யாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான சீசனில் அங்கே பகல் வெயில் இதமாகத்தான் இருக்கும். நம்ம ஊர்க்காரரை அங்கே படுக்க வைப்பது வெயில் இல்லை, அவர் கணக்கில் வைக்காத வேறு நாலைந்து சங்கதிகள். கண்ணுக்குத் தெரியாமல் உடம்பைக் காய வைக்கும் காற்று, எலும்பைத் தொடும் ராத்திரிக் குளிர், கழிப்பறை இல்லாத மணல்வெளி, முதுகை உலுக்கும் ஒட்டக நடை... அப்புறம், ராத்திரி ஒன்பதரை மணிக்கு வந்து சேரும் சாப்பாடு!

முதலில் காற்றைப் பார்க்கலாம். நம்ம பக்கம் வறண்ட பூமிதான். ஆனாலும் வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை உண்டு; கடலும் ரொம்பத் தூரமில்லை. அதனால் காற்றில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். வேலை செய்தால் வேர்வை கொட்டும், சட்டை நனையும், "அப்பாடா" என்று ஒரு செம்பு தண்ணீர் குடிப்போம். வேர்வைதான் நமக்கு அலாரம் மணி. ஜைசல்மேரில் மழை சராசரியாக 200 மில்லிமீட்டர்கூடத் தேறாது. காற்று அப்படியே உலர்ந்து கிடக்கும். வேர்வை தோலில் வந்த வேகத்திலேயே ஆவியாகிவிடும். சட்டை நனையாது, பிசுபிசுப்பு இருக்காது. "இங்கே வேர்க்கவே இல்லையே!" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே உடம்பிலுள்ள நீரை இழந்துகொண்டிருப்போம். மூச்சு வழியாகவும் ஈரம் போகும். அலாரம் அடிக்காத வீட்டில் திருடன் நுழைந்த கதைதான்.

வயசானவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். அறுபது தாண்டினால் தாக உணர்ச்சியே குறைந்துவிடும். உடம்பு வறண்டாலும் நாக்கு கேட்காது. எனவே, "தாகம் எடுத்தால் குடிக்கலாம்" என்பது அங்கே உதவாது. சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. எலுமிச்சை ஊறுகாய்த் தண்ணீர் மாதிரி அடர்த்தியாக இருந்தால் உடனே குடிக்க வேண்டும். இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு என்று தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் தங்கள் டாக்டரிடம் புது அளவு கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படியே. நீங்களாக மாத்திரையை நிறுத்துவதும் தப்பு, வறண்ட ஊரில் யோசிக்காமல் தொடர்வதும் தப்பு. ஒரு தடவை கேட்டுவிட்டுப் போவதில் என்ன நஷ்டம்?

உதடு வெடிப்பது, குழந்தைகளுக்கு மூக்கில் ரத்தம் வருவது இதெல்லாம் அதே உலர்காற்றின் வேலை. வாசலினோ தேங்காய் எண்ணெயோ ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டால் போதும். மூக்கில் ரத்தம் வந்தால் குழந்தையைப் படுக்க வைத்து தலையைப் பின்னால் சாய்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேண்டாம். உட்கார வைத்து, தலையை லேசாக முன்னால் குனியச் சொல்லி, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிஷம் விடாமல் பிடித்திருங்கள்.

எப்போ போறது?

பிள்ளைகளுக்கு லீவு மே மாதம். பாலைவனத்துக்குப் போகவே கூடாத மாதமும் அதுதான்! ஜைசல்மேருக்குப் பக்கத்திலுள்ள பலோடியில் 2016 மே 19-ஆம் தேதி 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. 'லூ' என்று அங்கே சொல்லப்படும் அனல்காற்று வீசும் காலத்தில் உள்ளூர்க்காரரே மதியம் வெளியே வருவதில்லை. கூடாரங்களும் பெரும்பாலும் மூடிவிடும். "ஆஃப் சீசன், பாதி விலை" என்று யாராவது ஆசை காட்டினால், அந்தப் பாதி விலை யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்.

மிச்சம் இருப்பது அரையாண்டு லீவும் பொங்கலும். பொங்கல் நாலைந்து நாளில் முடிந்துவிடும். ரயிலில் போய் வரவே அது போதாது. அரையாண்டு லீவுதான் தோது. ஆனால் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் இந்தியா முழுக்க அங்கேதான் நிற்கும். கூட்டமும் கூடுதல், விலையும் கூடுதல். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்ட வீடு என்றால் நவம்பர் கடைசியோ பிப்ரவரியோ பாருங்கள். குளிரும் கொஞ்சம் தணிவாக இருக்கும். பெரியவர்களுக்கு அதுதான் நல்லது.

மதுரையிலிருந்து பிகானீருக்கு வாராந்தர ரயில் இருக்கிறது. அங்கிருந்தோ, ஜோத்பூரிலிருந்தோ ஜைசல்மேருக்கு மாறிக்கொள்ளலாம். எப்படிப் பார்த்தாலும் போக மட்டும் இரண்டு நாளுக்கு மேல். விமானமென்றால் மும்பை அல்லது டெல்லி வழியாக மாறிப் போக வேண்டும். எதில் போனாலும், இறங்கின அன்றைக்கே மணலுக்கு ஓடாதீர்கள். இரண்டு நாள் ரயிலில் கால் வீங்கி, வயிறு கெட்டு, தூக்கம் கெட்டு வந்திருக்கும் பாட்டியை அன்று மாலையே ஒட்டகத்தில் ஏற்றுவது பாவம். ஒரு நாள் ஜைசல்மேர் ஊரிலேயே தங்குங்கள். 1156-இல் ராவல் ஜைசல் கட்டிய கோட்டை இருக்கிறது. அதற்குள் இன்றைக்கும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். காலை வெயிலில் மஞ்சள் கல் தங்கமாக மினுங்கும். அதைப் பார்த்துக்கொண்டே உடம்பு ஊருக்குப் பழகட்டும்.

நடுங்குறது குளிராலயா, சர்க்கரையாலயா?

இப்போது நம்ம வீடுகளில் சர்க்கரை இல்லாத தாத்தா பாட்டியைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அவர்களை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. தாராளமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் பயணத் திட்டத்தை அவர்களை வைத்துப் போட வேண்டும்; இருபது வயசுப் பேரனை வைத்துப் போடக்கூடாது.

சாம் மணல்மேடு ஜைசல்மேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அங்குள்ள கூடாரங்களில் வழக்கமான நிகழ்ச்சி நிரல் என்ன? மாலையில் ஒட்டகம், சூரிய அஸ்தமனம், பிறகு தீ மூட்டி அதைச் சுற்றி மாங்கணியார் பாட்டு, கல்பேலியா ஆட்டம். அருமையாக இருக்கும். ஆனால் சாப்பாடு? ஆட்டம் முடிந்த பிறகுதான். ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். வீட்டில் ஏழரை மணிக்கு ஊசி போட்டு எட்டு மணிக்குச் சாப்பிடும் பாட்டி, பழக்கத்தில் ஏழரைக்கே ஊசியைப் போட்டுக்கொண்டால்...?

மணலில் நடப்பது வேறு சர்க்கரையைத் தின்றுவிடும். கெட்டித் தரையில் நடப்பதைவிடப் பொத பொத மணலில் நடக்க இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும் என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். அந்த உழைப்பின் பலன் அன்று ராத்திரி தூக்கத்திலும் தொடரும். சர்க்கரை இறங்கும்போது கை நடுங்கும், வேர்க்கும், படபடப்பு வரும், பேச்சு குழறும். குளிர் ராத்திரியில் பாட்டி நடுங்கினால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார்? இன்னொரு ரஜாயை எடுத்துப் போர்த்திவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அங்கேதான் ஆபத்து! நடுங்குகிறவர் சர்க்கரை நோயாளி என்றால் முதலில் மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தாலோ, பார்க்கவே வழியில்லை என்றாலோ, மூன்று டீஸ்பூன் குளுகோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சுயநினைவு இல்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்; உடனே ஆஸ்பத்திரிதான்.

மீட்டரும் குளிரில் முரண்டு பிடிக்கும். பெரும்பாலான மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. ராத்திரி அதைப் பையில் போடாமல் ஸ்வெட்டருக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினுக்கு உறைவதும் ஆகாது, வெந்துபோவதும் ஆகாது. பகலில் காரின் டாஷ்போர்டில் வைத்துவிட்டுக் கோட்டை பார்க்கப் போனால் மருந்து வீண். இங்கே நம்ம ஊர் மண்பானை யோசனை ஜோராக வேலை செய்யும். காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ, பானை அவ்வளவு குளிரும். சின்ன மண்கலயத்தைச் சுற்றி ஈரத்துணி. உள்ளே நனையாத டப்பாவில் இன்சுலின். பயணம் முழுக்க மருந்தை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பேரிடம் வைத்திருங்கள். ஒரு பை தொலைந்தால் இன்னொன்று இருக்கும்.

சாப்பாட்டு நேரத்துக்கு வழி சுலபம். முன்பதிவு செய்யும்போதே, "ஏழரை மணிக்கு இரண்டு பேருக்கு மட்டும் ரொட்டியும் பருப்பும் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். கொடுப்பார்கள். தட்டு கண் முன்னால் வந்த பிறகுதான் ஊசி!

பொம்பளைங்க தண்ணி குடிக்காத ரகசியம்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறுகிற பெண்கள் சாயங்காலம் நாலு மணியோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்வார்கள். ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. பஸ் நிற்கிற இடத்தில் கழிப்பறை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே பழக்கத்தோடு பாலைவனத்துக்குப் போனால் விஷயம் விபரீதமாகிவிடும்.

ஏற்கெனவே காற்று உறிஞ்சுகிறது. அதன்மேல் நாமும் குடிக்காமல் இருந்தால் தலைவலி, மயக்கம், மறுநாள் நீர்க்கடுப்பு, அதன்பின் காய்ச்சல். ஊர் திரும்பி வந்ததும் "தண்ணி ஒத்துக்கலை" என்று சொல்லிக்கொள்வோம். தண்ணீர் குடிக்காததுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதே உண்மை!

ஆகவே எந்த மாதிரி முகாம் என்பதை வீட்டுப் பெண்களே முடிவு செய்யட்டும். மூன்று வகை இருக்கிறது. உள்ளேயே கழிப்பறை, வெந்நீரோடு இருக்கும் ஸ்விஸ் டென்ட் ஒன்று. பொதுக் கழிப்பறை உள்ள சாதாரணக் குடிசை இன்னொன்று. மூன்றாவது, நிஜமாகவே ஒட்டகத்தில் மணலுக்குள் போய் வானத்தைப் பார்த்துக் கயிற்றுக் கட்டிலில் படுப்பது. குரி கிராமத்துப் பக்கம் இந்த மூன்றாவது வகை அதிகம். சத்தமில்லாமல், நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். ஆனால் கழிப்பறை கிடையாது. நல்ல திடகாத்திரமான ஆட்களுக்கு அது வாழ்நாள் அனுபவம். சர்க்கரை, புராஸ்டேட் என்று ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் அது சரிப்படாது. கழிப்பறை உள்ள கூடாரத்துக்கு ஆகும் கூடுதல் பணத்தை ஆடம்பரச் செலவு என்று நினைக்காதீர்கள். அதை நான் மருத்துவச் செலவுக் கணக்கில்தான் எழுதுவேன். மாதவிலக்கு நாள் வந்துவிடுமே என்று மாத்திரை போட்டுத் தள்ளிப்போடுவதற்கும் இங்கே அவசியமிருக்காது.

ஒட்டகம் எழுந்திருக்கும்போது...

தொல்காப்பிய மரபியலிலேயே ஒட்டகத்துக்கு இடமிருக்கிறது. அதாவது, தமிழனுக்கு அது அத்தனை அந்நியமில்லை. ஏறத்தான் நமக்குப் பழக்கமில்லை!

ஒட்டகம் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும்போது ஏறுகிறோம். அது எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் தூக்கும். அந்த நொடியில் நீங்கள் முன்னால் தூக்கி எறியப்படுவீர்கள். எழப்போகிறது என்றதும் சேணத்தின் பிடியை இறுகப் பிடித்துப் பின்பக்கம் நன்றாகச் சாய்ந்துகொள்ளுங்கள். இறங்கும்போது முன்னங்கால் முதலில் மடியும். அப்போதும் பின்னால்தான் சாய வேண்டும். சவாரியில் விழுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு கட்டத்தில்தான் விழுகிறார்கள். ஏழடி உயரம். கீழே மணல்தானே என்று அலட்சியம் வேண்டாம். எலும்பு தேய்ந்தவருக்கு மணிக்கட்டும் இடுப்பும் முறிய அந்த உயரம் தாராளம்.

நடை? குதிரை மாதிரி இல்லை. ஒட்டகம் ஒரே பக்கத்துக் காலிரண்டையும் சேர்த்துத் தூக்கி வைக்கும். அதனால் படகு மாதிரி ஆடும். சிலருக்கு வயிற்றைப் பிரட்டும். இடுப்பு ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் மடங்கி நிமிரும். டிஸ்க் விலகல், சயாட்டிகா, எலும்புத் தேய்மானம், சமீபத்தில் ஆபரேஷன், மூட்டு மாற்று, கடுமையான மூலம், கர்ப்பம்... இவர்களில் யாரும் ஏற வேண்டாம். தறியில் வருஷக்கணக்காக நின்றும் குனிந்தும் முதுகைத் தேய்த்துக்கொண்டவர்கள் நம்ம ஊரில் எத்தனை பேர்! அவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது. அவர்களுக்காகவே அங்கே ஒட்டக வண்டி இருக்கிறது. மெத்தை போட்டு, காலை நீட்டிக்கொண்டு அதே மணல்மேட்டைப் பார்த்துவிட்டு வரலாம். அதே சமயம், "முதுகு வலியா? அப்போ ஜீப்பில் வாங்க" என்று கூப்பிடுவார்கள். மணல்மேட்டில் ஏறிக் குதிக்கும் அந்த ஜீப் சவாரி, ஒட்டகத்தைவிட முதுகுக்கு மோசம் என்பது என் கட்சி.

ஏறுபவர்கள் முதல் தடவை முக்கால் மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு நாள் ஒட்டகப் பயணம் என்று பெரிய திட்டம் வைத்திருப்பவர்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தொடை, இடுப்புப் பயிற்சி ஆரம்பிக்க வேண்டும். தினமும் காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவதும், மாடிப்படி ஏறுவதும்கூடப் போதும். சேணத்தில் அங்கவடி, அதாவது கால் வைக்கும் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். கால் தொங்கிக்கொண்டே போனால் தொடை மரத்துப்போகும். இருக்கையில் மடித்த ரஜாய் ஒன்று கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். உள்ளே தையல் உறுத்தாத தளர்ந்த பருத்திப் பேன்ட். புடவையோடு ஏறுவது நன்றாக இருக்காது, சுடிதார் தேவலை.

இன்னொரு எச்சரிக்கை. ஆண் ஒட்டகங்களுக்கு மதம் பிடிக்கும் பருவம் குளிர்காலம். நாம் போகிற அதே சீசன்! வாயில் நுரை தள்ளும், தொண்டையிலிருந்து சிவப்புப் பலூன் மாதிரி ஒன்றை வெளியே தள்ளி களகளவென்று சத்தம் போடும். அதன் கடி லேசானதில்லை. செல்ஃபி எடுக்கிறேன் என்று குழந்தைகளை ஒட்டகத்தின் முகத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவி, ஊசிக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும்.

மணல் பழக வேண்டுமென்றால் ராஜஸ்தான் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. திருச்செந்தூர் போகிற வழியில் ஒரு எட்டு தேரிக்குடியிருப்புப் பக்கம் திரும்புங்கள். கற்குவேல் அய்யனார் கோயிலைச் சுற்றி செக்கச்செவேல் என்று மணல் தேரி. அங்கே காலையில் அரை மணி நேரம் தாத்தாவை நடக்கவிட்டுப் பாருங்கள். மூச்சு வாங்குகிறதா, முட்டி வலிக்கிறதா, நெஞ்சில் பாரம் தெரிகிறதா... ஜைசல்மேரில் தெரிய வேண்டியது வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். செலவும் மிச்சம்.

ராத்திரி

நமக்கு மார்கழி என்றால் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். அதற்கே காதில் மப்ளர் கட்டுவோம். ஜைசல்மேரில் ஜனவரி ராத்திரி ஏழெட்டு டிகிரிக்குச் சாதாரணமாக இறங்கும். சில நாள் அதற்கும் கீழே. பகலில் 24 டிகிரியில் சட்டையோடு திரிந்தவர் பத்து மணிக்குப் பல்லைக் கடிப்பார். மேகமோ ஈரமோ இல்லாததால் மணல் வாங்கிய சூடெல்லாம் ராத்திரி வானத்துக்குப் போய்விடும். போர்த்துவதற்கு வானத்தில் துணி இல்லை!

விடிவதும் தாமதம். ஜைசல்மேர் ரொம்ப மேற்கே இருக்கிறது. ஜனவரியில் சூரியன் வர ஏழரை மணி ஆகும். ஐந்தரைக்கு எழுந்து வாக்கிங் போகிற அப்பாக்கள் அங்கே இருட்டிலும் குளிரிலும் நடக்கக் கிளம்பிவிடுவார்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். நெஞ்சு வலி வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், ஆஸ்துமாக்காரர்கள் வெயில் வந்த பிறகு நடந்தால் போதும். ஒரு தடித்த கம்பளியைவிட இரண்டு மூன்று மெல்லிய உடைகளை அடுக்காகப் போடுவது நல்லது. தலை, காது, பாதம் மூன்றும் மூடியிருக்க வேண்டும்.

அடுத்ததைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். குளிர் தாங்கவில்லை என்றால் முகாம்களில் கரி போட்ட கணப்பு கொண்டுவந்து தருவார்கள். அதை ஒருபோதும் கூடாரத்துக்குள் வைத்துத் தூங்காதீர்கள். மூடிய இடத்தில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. லேசான தலைவலி, மந்தம், தூக்கம்... அதோடு சரி. வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் குடும்பம் குடும்பமாக இப்படிச் சாகிறார்கள். அடுப்பங்கரையில் விறகடுப்போடு வாழ்ந்த நமக்கு, "கரிதானே, புகைகூட இல்லையே" என்றுதான் தோன்றும். புகை இல்லாததால்தான் தெரிவதில்லை. வெளியே உட்கார்ந்து குளிர் காயுங்கள். உள்ளே போகும்போது வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கூடாரத்தில் படுத்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் மாத்திரை தேடாதீர்கள். எல்லோரையும் வெளியே இழுத்து வாருங்கள்.

தேளும் சுருட்டையும்

இதில் நமக்கு அனுபவம் உண்டு. செருப்பை உதறிப் போடு, இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதே, கட்டிலில் படு என்று நம்ம பாட்டிகள் சொன்னதேதான் அங்கேயும். கடுங்குளிரில் பாம்பு நடமாட்டம் குறைவு. நவம்பர், பிப்ரவரியில் சற்று எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். நம்ம காட்டில் இருக்கும் சுருட்டை விரியனின் இனம்தான் தார் பாலைவனத்திலும் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம்: இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கான பாம்பு விஷத்தைப் பெருமளவு கொடுப்பது நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் கூட்டுறவு சங்கம். மேற்கு ராஜஸ்தான் சுருட்டைக் கடிக்கு அந்த மருந்து நம்ம ஊரில் கேட்கும் அளவுக்குக் கேட்பதில்லை என்று அங்குள்ள டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். அதனால் கடி வாங்காமல் இருப்பதுதான் முதல் மருந்து. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

செந்தேள் கடித்து வேர்த்துக் கொட்டி, கை கால் சில்லிட்டு, மூச்சு வாங்கினால் அதுவும் அவசரம்தான். இதற்கு பிராசோசின் என்ற மலிவான மாத்திரை உயிர் காக்கும் என்று கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சின்ன ஊரில் வேலை பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். அது டாக்டர் கொடுக்க வேண்டிய மருந்து. நீங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. பிரஷர் தடாலென்று இறங்கிவிடும்.

சாப்பாடு: பாட்டிக்கு ஒரு சந்தோஷ சமாச்சாரம்

"அங்கே போய் சப்பாத்திதானா?" என்று சலித்துக்கொள்கிற பாட்டிகளிடம் சொல்லுங்கள்: பாஜ்ரா ரொட்டி என்பது சாட்சாத் நம்ம கம்புதான்! மானாவாரிக் காட்டில் அவர்கள் விதைத்து, இடித்து, கூழ் காய்ச்சிய அதே கம்பு. நார்ச்சத்து இருப்பதால் சப்பாத்தியைவிடச் சர்க்கரைக்காரர்களுக்குத் தேவலை; மலச்சிக்கலுக்கும் நல்லது. 'சாங்ரி' என்று ஒரு கறி தருவார்கள். அது கேஜ்ரி மரத்தின் காய். கேஜ்ரி யாரென்று நினைக்கிறீர்கள்? நம்ம கோயில்களில் நிற்கும் வன்னி மரம்! நம்ம காட்டைப் பிடித்துக்கொண்ட சீமைக் கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஒருத்தன் ஊரைக் கெடுத்தான், இன்னொருத்தன் சோறு போடுகிறான். உப்புப் போட்ட மோர், அங்கே 'சாஸ்', வேண்டிய மட்டும் குடிக்கலாம். பிரஷர்காரர்கள் உப்பில்லாமல் கேளுங்கள். நெய்யில் முழுகிய தால் பாட்டி மட்டும் அளவோடு.

தண்ணீர் மட்டும் மூடி உடைக்காத பாட்டில்தான். அங்கேயும் நிலத்தடி நீர் நம்ம பக்கம் மாதிரியே உப்பு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆளுக்கு மூன்று எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. ஒட்டகப் பால் கொடுத்தால் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். பச்சைப் பாலில் புருசெல்லோசிஸ் என்ற விடாத காய்ச்சல் வரும். வளைகுடாவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போய் அங்கே பாலைவன சஃபாரி போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டும். அரேபிய ஒட்டகங்களிடமிருந்து மெர்ஸ் என்ற நுரையீரல் காய்ச்சலும் பரவியிருக்கிறது. அது 2012-இல் சவூதியில் கண்டுபிடிக்கப்பட்டது. திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் இருமலும் காய்ச்சலும் வந்தால், ஒட்டகத்தின் பக்கத்தில் போனதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

போனில் என்ன கேட்கணும்?

முன்பதிவு செய்கிறபோது எல்லோரும் கேட்பது, "எவ்வளவு? ஏ.சி. உண்டா?" ஜனவரியில் ஏ.சி. எதற்கு! கேட்க வேண்டியது வேறு. ராத்திரி முழுக்க முகாமில் ஒரு வண்டியும் டிரைவரும் இருப்பார்களா? ஜைசல்மேர் அரசு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம்? அங்கே போன் சிக்னல் கிடைக்குமா? ஒட்டகத்தோடு ஒரு ஜீப் பின்னால் வருமா, யாராவது பாதியில் இறங்கிவிட்டால்? ஆளுக்கு எத்தனை ரஜாய்? கழிப்பறை கூடாரத்துக்கு உள்ளேயா, வெளியேயா? சீக்கிரம் சாப்பாடு தருவீர்களா? ராஜஸ்தானிலும் 108 ஆம்புலன்ஸ் உண்டு. ஆனால் மணல்மேட்டுக்கு அது வந்து சேரும் நேரத்துக்குள் நம்ம வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும்.

ஹிந்தி வரவில்லையே என்று கவலை வேண்டாம். காலேஜ் படிக்கிற பேத்தியை இங்கிலீஷில் கேட்கச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் வடக்கே சரக்கு அனுப்புகிற ஜவுளிக்கடைக்காரர் யாராவது தெருவில் இருப்பார். கேட்ட கேள்விக்கெல்லாம் "நோ பிராப்ளம், நோ பிராப்ளம்" என்று மட்டும் பதில் வந்தால் போனை வைத்துவிட்டு அடுத்த முகாமைக் கூப்பிடுங்கள். "பாட்டிக்கு என்ன வயசு? முட்டி வலி இருக்கா?" என்று அவர் திருப்பிக் கேட்டால், அங்கே அட்வான்ஸ் அனுப்பலாம்.